பழைய டிராம்போலினுக்குப் பதில் எதை வாங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: தோட்டத்தில் இருக்கும் 10 அடி டிராம்போலின் ஏழெட்டு வருடம் உழைத்துவிட்டது. வலை நைந்து தொங்குகிறது, கால்கள் சேரும் இடத்தில் துரு. பிள்ளைகள் மூன்று பேர், 13, 9, 4 வயது. மூத்தவனுக்கு அது இப்போது போதவில்லை. 14 அடி வட்டம் வாங்குவதா, ஸ்பிரிங் இல்லாத வகைக்குப் போவதா, குழி தோண்டித் தரைமட்டமாகப் பதிப்பதா என்று மூன்று யோசனை வைத்திருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "150 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் மூன்று பேரும் சேர்ந்தே குதிக்கலாம் இல்லையா?" எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற மூன்றும் பாதி தீர்ந்துவிடும்.

நான் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவன். பிறகு விளையாட்டுச் சாதனங்களைப் பூட்டுவது, பழுது பார்ப்பது என்று அந்தப் பக்கம் வந்து பல வருடமாகிறது. மருத்துவன் இல்லை. காயங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் குழந்தை மருத்துவர்கள் எழுதி வைத்ததிலிருந்து. இரும்பு, ஸ்பிரிங், தையல் பற்றிச் சொல்வது கையால் தொட்டுப் பார்த்ததிலிருந்து.

சேர்ந்து குதிப்பதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, டிராம்போலின் காயங்களில் சுமார் முக்கால்வாசி ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் குதிக்கும்போது நடப்பவை. அடிபடுவது பெரும்பாலும் கூட்டத்தில் சின்னவருக்குத்தான். எடை கூடியவரைவிட எடை குறைந்தவர் காயப்படும் வாய்ப்பு 14 மடங்கு என்று அதே அறிக்கை சொல்கிறது. காரணம் எளிது. 13 வயதுப் பையன் இறங்கும்போது பாய் ஆழமாகத் தாழ்கிறது, பிறகு அதே வேகத்தில் மேலே எழும்புகிறது. அது எழும்பி வரும் நொடியில் 4 வயதுக் குழந்தை மேலிருந்து கீழே வந்தால், குழந்தையின் காலுக்கு அது மென்மையான துணி இல்லை, எதிரே ஏறி வரும் கெட்டித் தரை. பெரியவன் போட்ட விசையும் சேர்ந்து அந்தச் சின்னக் காலில் இறங்குகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே கால் எலும்பில் வரும் ஒருவகை முறிவுக்கு மருத்துவத்தில் 'டிராம்போலின் முறிவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இது வருவது அதிகமும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, தன்னைவிடக் கனமானவரோடு குதிக்கும்போது. கீழே விழுந்திருக்கவே வேண்டாம். பாயின் நடுவில் நின்றபடியே நடக்கும். முதல் எக்ஸ்ரேயில் மெல்லிய கோடாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். குழந்தை காலை ஊன்ற மறுப்பதுதான் அடையாளம்.

சரி, 150 கிலோ என்று போட்டிருப்பதற்கு என்ன அர்த்தம்? ஃபிரேமும் ஸ்பிரிங்கும் பாயும் அந்த எடையுள்ள பயனாளரைத் தாங்கும் என்று அர்த்தம். இரும்புக்குக் கொடுத்த வாக்குறுதி அது. எலும்புக்கு இல்லை. 150 கிலோவை மூன்றாகப் பங்கிட்டு மூன்று பேர் ஏறலாம் என்று எந்த நல்ல தயாரிப்பாளரும் கையேட்டில் எழுதுவதில்லை. ஒருவர் மட்டும் என்ற எச்சரிக்கையை ஃபிரேமிலேயே ஒட்டி அனுப்புகிறார்கள். போட்டி டிராம்போலினைப் பாருங்கள்: 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து அது ஒலிம்பிக் விளையாட்டு. அங்கும் ஒரு பாயில் ஒருவர்தான். இருவர் ஜோடியாக ஒரே தாளத்தில் குதிக்கும் போட்டிகூட உண்டு, அதற்கும் அருகருகே இரண்டு தனித்தனி டிராம்போலின்களைப் போட்டுத்தான் குதிக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களுக்கே அப்படி என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

14 அடியின் பரப்பு 10 அடியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைப் பார்த்துத்தான் "இடம் இருக்கிறதே, இரண்டு பேர் குதிக்கட்டும்" என்று தோன்றுகிறது. ஆனால் வட்டப் பாயின் குணம் எவரையும் நடுவை நோக்கித் தள்ளுவது. ஓரத்தில் இறங்கினால் பாய் உள்பக்கமாகச் சாய்ந்துதான் எறியும். ஆகவே எவ்வளவு பெரிய வட்டம் வாங்கினாலும் இரண்டு பேரும் கடைசியில் நடுவில்தான் சந்திப்பார்கள். பெரிய அளவு வாங்குவதற்கு ஒரே நல்ல காரணம், வளரும் பையனுக்கு ஓரத்துக்கும் தனக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்பது. அது நியாயமான காரணம்தான். 4 வயதுக் குழந்தையைப் பொறுத்தவரை ஆறு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம் என்பதுதான் பொதுவான அறிவுரை. கடைப்பிடிப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அண்ணன்கள் குதிக்கும்போது தங்கை வேலிக்கு வெளியே நின்று அழுவாள். குறைந்தபட்சம் ஏணியைக் கழற்றி எடுத்துவைக்கும் பழக்கத்தையாவது வைத்துக்கொள்ளுங்கள். ஏணி கிடக்கும் டிராம்போலினில் ஏற யாருடைய அனுமதியும் தேவைப்படாது.

இனி, பழையதை மாற்றத்தான் வேண்டுமா என்பது. வலை போனதற்காக முழுவதையும் தூக்கிப் போட வேண்டாம். வெயிலில் முதலில் சாவது வலை, அடுத்தது ஸ்பிரிங்கை மூடும் விளிம்பு மெத்தை, அதற்குப் பிறகு பாயின் ஓரத் தையல். இவை மூன்றும் தனியாகக் கிடைக்கும் உதிரிகள். ஃபிரேம் போனால்தான் கதை முடிந்தது. அதைப் பார்க்கும் விதம் இது: மேல் வளையமும் காலும் சேரும் 'டி' வடிவ மூட்டில் வெல்டிங் ஓடும் கோட்டை ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திச் சுரண்டுங்கள். மேலே பழுப்புப் பொடி மட்டும் உதிர்ந்து உள்ளே பளபளப்பான இரும்பு தெரிந்தால் அது மேல்துரு. தகடு தகடாகப் பெயர்ந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ குழாய் உள்ளேயிருந்தே அரித்திருக்கிறது, அதற்கு மேல் பெயின்ட் அடித்துப் பயனில்லை. ஸ்பிரிங் கொக்கி மாட்டும் துளைகளையும் பாருங்கள். வட்டத் துளை முட்டை வடிவமாக நீண்டிருந்தால் கொக்கி வருடக்கணக்கில் அறுத்திருக்கிறது என்று பொருள். நீங்கள் எழுதியிருப்பது "கால் சேரும் இடத்தில் துரு" என்பதால் என் ஊகம் மாற்றும் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் நேரில் பார்க்காமல் இதைத் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன். சுரண்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் பணத்தை இரும்பில் போடுங்கள். விளம்பரத்தில் எல்லாமே 'கால்வனைஸ்' என்றுதான் இருக்கும், ஆனால் அதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, ஏற்கெனவே துத்தநாகம் பூசிய தகட்டைக் குழாயாக உருட்டி, பிறகு வெட்டித் துளையிட்டு வெல்டிங் வைப்பது. வெல்டிங் சூட்டில் அந்த இடத்துப் பூச்சு எரிந்துவிடும், மேலே வெள்ளிப் பெயின்ட் தடவி அனுப்புவார்கள். துரு அங்கேதான் கிளம்பும். மற்றது, வெட்டு, துளை, வெல்டிங் எல்லா வேலையும் முடிந்த பிறகு ஏறக்குறைய 450 டிகிரி சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முழுவதுமாக முக்கி எடுப்பது. குழாயின் உட்புறத்துக்கும் பூச்சு போய்ச் சேர்கிறது. கடையில் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். முக்கி எடுத்தது மங்கிய சாம்பல் நிறம், அங்கங்கே சொட்டு உறைந்த தடிப்பு இருக்கும், அழகாக இருக்காது. வழவழவென்று மின்னி, வெல்டிங்கில் மட்டும் வேறு நிறம் தெரிந்தால் அது முதல் ரகம். கறுப்புப் பவுடர் கோட்டிங் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் அது வெளித்தோல் மட்டுமே, மழைநீர் தங்குவது குழாயின் உள்ளே. அந்தப் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கடல் காற்றுப் படும் வீடு என்றால் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

குழாயின் சுவர்த் தடிமன் 1.5 மில்லிமீட்டர் என்பது சாதாரணம், 2 மில்லிமீட்டர் என்றால் நல்லது. தடிமனை மறைத்து வெளி விட்டத்தை மட்டும் பெரிதாகப் போடுபவர்கள் உண்டு. அதனால் ஒரே அளவுள்ள இரண்டு மாடல்களின் மொத்தப் பெட்டி எடையை ஒப்பிட்டுப் பாருங்கள். 14 அடியில் ஒன்று மற்றதைவிட 20 கிலோ குறைவாக இருந்தால் குறைந்தது பெரும்பாலும் இரும்புதான். ஸ்பிரிங் எண்ணிக்கையை வைத்து மயங்க வேண்டாம். 72-ஐவிட 96 சிறந்தது என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாது. நீளமும் கம்பியின் கனமும் சேர்ந்துதான் துள்ளலைத் தீர்மானிக்கின்றன. நீளமான ஸ்பிரிங் ஆழமாக இறங்கி மெதுவாக எறியும், குட்டை ஸ்பிரிங் வெடுக்கென்று எறியும். உங்கள் 9 வயதுக்காரன் எடை குறைவாக இருந்தால் கடினமான ஸ்பிரிங் வைத்த பெரிய டிராம்போலின் அவனுக்குப் பலகை போல இருக்கும். முடிந்தால் அவனைக் கடைக்குக் கூட்டிப்போய் ஏற்றிப் பாருங்கள்.

ஸ்பிரிங் இல்லாத வகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நியூசிலாந்தில் கேன்டர்பரி பல்கலைக்கழகப் பொறியியலாளர் கீத் அலெக்ஸாண்டர் உருவாக்கிய அமைப்பு அது. பாயின் விளிம்பிலிருந்து கண்ணாடியிழைத் தண்டுகள் சரிவாகக் கீழே இறங்கி, தாழ்வாக இருக்கும் ஃபிரேமில் செருகியிருக்கும். குதிக்கும் மட்டத்தில் இரும்பும் கிடையாது, ஸ்பிரிங் இடுக்கும் கிடையாது. விளிம்பில் மோதுவது, ஸ்பிரிங்குக்கு நடுவே கால் சிக்குவது என்ற இரண்டு ஆபத்தை அந்த வடிவமைப்பு அடியோடு நீக்குகிறது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மேலே சொன்ன முக்கால்வாசி, அதாவது ஒருவரோடு ஒருவர் குதிப்பதால் வருவது, அப்படியே இருக்கிறது. பாய் எதில் மாட்டியிருந்தாலும் பெரியவன் எழுப்பும் பாய் சின்னவள் காலில்தான் மோதும். துள்ளல் சற்று மிருதுவாக இருக்கும். சில பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது, உயரம் வேண்டும் என்கிற பையன்களுக்கு அலுப்பாக இருக்கிறது. விலை கூடுதல், தண்டு உடைந்தால் அதே நிறுவனத்திடம்தான் போக வேண்டும். வாங்கும் முன் ஒரு தண்டின் விலையையும் அது கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

தரையில் பதிப்பதைப் பற்றிப் பலர் நினைப்பது, குழி வெட்டி இருக்கிற டிராம்போலினை இறக்கினால் போதும் என்று. போதாது. பாய் தாழும்போது அடியில் இருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். வழியில்லாவிட்டால் காற்று திரும்ப அடித்துத் துள்ளலே செத்துவிடும், விளிம்பு மெத்தையும் படபடவென்று எழும்பி அடிக்கும். அதற்கென்றே காற்றோட்டமுள்ள பாயும் மெத்தையும் வைத்துச் செய்த மாடல் வேண்டும். மண் சரியாமல் சுற்றுச்சுவர் வேண்டும், மழைநீர் இறங்க வடிகால் வேண்டும். களிமண் நிலமானால் குழி குட்டையாகிவிடும், ஃபிரேம் ஈரத்திலேயே நின்று ஊறும். ஆதாயம் என்னவென்றால் விழும் உயரம் குறைகிறது, காற்றில் தூக்கிக்கொண்டு போகும் பயமும் குறைகிறது. ஆனால் உயரம் குறைந்தால் சின்னக் குழந்தை நடந்தே ஏறிவிடும். ஏணியைக் கழற்றி வைக்கிற வித்தை அங்கே செல்லாது. 4 வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்கு இப்போதைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வலை விஷயத்தில் மட்டும் நான் உறுதியாகப் பேச மாட்டேன். வெளியே விழுவதை வலை தடுக்கும் என்பது கண்ணுக்குத் தெரிகிற நியாயம், நானும் வலையில்லாத டிராம்போலினை வீட்டுக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வலை வந்த பிறகு மொத்தக் காயங்கள் குறைந்தன என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று அதே 2012 அறிக்கை சொல்கிறது. வலை இருக்கிற தைரியத்தில் அதன் மேல் சாய்ந்து விளையாடுவது, மேற்பார்வையைத் தளர்த்துவது எல்லாம் காரணமாக இருக்கலாம். அது ஊகம்தான். பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே நடந்த காயங்கள் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை என்பதும் அதில் இருக்கிறது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதும், "ஒருத்தர் இறங்கு" என்று சொல்வதும் வேறு வேறு. தேர்வு என்று வந்தால், பாயின் விளிம்பிலேயே கட்டி ஸ்பிரிங்குகளுக்கு உள்பக்கமாக நிற்கும் வலையை எடுங்கள். வெளி ஃபிரேமில் கட்டும் வலையானால் குழந்தைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே மெத்தை ஒன்றுதான் காவல். அந்த மெத்தை இரண்டு கோடையில் வெடித்துப்போகும் பொருள். கம்பங்கள் வெளிப்பக்கமாக வளைந்திருக்க வேண்டும், நுரை உறை மேல் நுனிவரை இருக்க வேண்டும். வலை பழசாகிவிட்டதா என்று தெரிய ஒரு நூலை நகத்தால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் கிழிசல் கண்ணில் படாவிட்டாலும் அது போய்விட்டது.

இடத்தை வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். 14 அடி என்றால் சுமார் 4.3 மீட்டர். சுற்றிலும் குறைந்தது 2 மீட்டர் காலியாக விட்டால் எட்டேகால் மீட்டர்ச் சதுரம் தேவை. மேலே 7 மீட்டருக்குக் கிளையோ மின்கம்பியோ குறுக்கிடக் கூடாது. அடியில் சைக்கிள், பந்து எதையும் போட்டு வைக்கக் கூடாது. பாய் எவ்வளவு தாழும் என்பதைப் பெரியவன் குதிக்கும்போது குனிந்து பார்த்தால் நம்ப மாட்டீர்கள். இந்தக் கணக்கில் 14 இடிக்கிறது என்றால் 12 வாங்குங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை. இடம் நீளமாக, ஒடுக்கமாக இருந்தால் செவ்வகம் நினைவுக்கு வரும். போட்டி டிராம்போலின் பாய் 4.28 மீட்டருக்கு 2.14 மீட்டர் செவ்வகம்தான். செவ்வகம் நடுவுக்குத் தள்ளாது, உயரமாக எறியும். முறையாகப் பயிற்சி எடுக்கிற பிள்ளைக்கு அது சரி, ஓரத்துக்குப் போகாமல் கட்டுப்படுத்தத் தெரியாதவருக்கு வட்டம்தான் பாதுகாப்பு. குட்டிக்கரணம் இரண்டிலும் வேண்டாம். கழுத்தெலும்பு முறிந்து நிரந்தரமாகப் படுக்கையில் விழவைக்கும் விபத்துகள் அதில்தான் வருகின்றன. பயிற்சிக்கூடத்தில் இடுப்புப் பட்டை மாட்டிக் கற்றுக்கொடுக்கிற விஷயம் அது.

தரச் சான்று என்று பார்த்தால் ஐரோப்பாவில் ஈஎன் 71-14, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏஎஸ் 4989, அமெரிக்காவில் டிராம்போலினுக்கு ஏஎஸ்டிஎம் எஃப்381, வலைக்கு எஃப்2225. இதில் எந்த எண்ணும் இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். உத்தரவாதத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பத்து வருடம் ஃபிரேமுக்கு மட்டும் இருக்கும். பாய், வலை, மெத்தைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் படியுங்கள். அந்த மூன்றும் தனியாகக் கிடைக்காத மாடலை வாங்கினால் மூன்று வருடத்தில் இதே கேள்வியோடு திரும்ப வருவீர்கள். காற்றுக்கு நங்கூரம் கட்டாயம். மண்ணில் திருகி இறக்கும் வகையை எடுத்து ஒவ்வொரு காலிலும் கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் வலையைக் கழற்றிவிடுங்கள், பாய்மரம் போலக் காற்றைப் பிடிப்பது அதுதான்.

உங்கள் வீட்டுக்கு நான் வாங்குவதானால், இடம் இருந்தால் 14, இல்லாவிட்டால் 12 அடி வட்டம், முக்கி எடுத்த கால்வனைஸ் ஃபிரேம், உள்பக்க வலை, ஒரு முறைக்கு ஒருவர். ஸ்பிரிங் இல்லாத வகைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் கையைக் கடிக்காது என்றால் அதையும் தாராளமாக எடுக்கலாம், ஒருவர் மட்டும் என்ற விதி அதற்கும் உண்டு.

ஒருவேளை சுரண்டிப் பார்த்து ஃபிரேம் நன்றாக இருக்கிறது, பாய் மட்டும் மாற்றினால் போதும் என்று முடிவெடுத்தால் மூன்று அளவு தேவைப்படும்: ஃபிரேமின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு இரண்டு குறுக்கு திசையில் அளந்த விட்டம், ஸ்பிரிங் எண்ணிக்கை, கழற்றிய ஸ்பிரிங் ஒன்றின் நீளம் கொக்கி நுனியிலிருந்து நுனிவரை. மாட்டியபடி அளந்தால் இழுபட்ட நீளம் வரும், பாய் பொருந்தாது. கழற்றும்போதும் மாட்டும்போதும் வரிசையாகப் போகாமல் எதிரெதிராக, கடிகாரத்தில் 12, 6, 3, 9 என்று போங்கள். ஒரே பக்கமாகப் போனால் கடைசிப் பத்து ஸ்பிரிங்கை எவ்வளவு பலமாக இழுத்தாலும் துளைக்கு எட்டாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கொக்கி நழுவினால் திரும்பி வருவது நேராக விரலுக்குத்தான்.